முழங்கால் வலி, சர்க்கரை… மலை ஏரிக்கு நடந்து போகலாமா?

கேள்வி: எனக்கு வயது 58. ஒன்பது வருடமாகச் சர்க்கரை நோய். காலையில் கிளிமிபிரைடு, இரண்டு வேளை மெட்ஃபார்மின், பிபிக்கு டெல்மிசார்டன் சாப்பிடுகிறேன். அக்டோபரில் மகனும் மருமகளும் உத்தரகாண்டில் தேவரியா தால் என்ற ஏரிக்கு என்னை அழைத்துப் போகிறார்கள். ‘ஈஸியான நடைதான், ஒரே நாளில் போய் வந்துவிடலாம்’ என்கிறார்கள். மாடிப்படி இறங்கினால் வலது முழங்கால் வலிக்கிறது. மேலே ஆக்சிஜன் குறைவாக இருக்குமோ என்றும் பயமாக இருக்கிறது. போகலாமா டாக்டர்?
– வாசகி, மடிப்பாக்கம்

பதில்: இரண்டு மாடி ஏறும்போது நெஞ்சில் இறுக்கமோ, வழக்கத்துக்கு மீறிய மூச்சுவாங்கலோ இல்லையென்றால் தாராளமாகப் போகலாம் அம்மா. இருந்தால், டிக்கெட் எடுப்பதற்கு முன்பே இதய மருத்துவரைப் பார்த்துவிடுங்கள். சர்க்கரை நோயாளிகளுக்கு இதயக் கோளாறு வலியே இல்லாமலும் இருக்கலாம் என்பதால், தொந்தரவு இல்லாவிட்டாலும் ஒரு ஈசிஜி எடுத்து உங்கள் மருத்துவரிடம் காட்டிவிட்டுப் போவது நல்லது.

ஆக்சிஜன் விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். தேவரியா தால் சுமார் 2,400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நம் ஊட்டியைவிடக் கொஞ்சம்தான் அதிகம். உயர நோய் பெரும்பாலும் 2,500 மீட்டருக்கு மேல்தான் தலைகாட்டும். சென்னையிலிருந்து போகும் உங்களுக்கு முதல் நாள் சற்று மூச்சு வாங்கும், அது இயல்பு. முந்தின இரவு ஊக்கிமடத்தில் தங்கிவிட்டுக் கிளம்பினால் உடம்பு பழகிக்கொள்ளும். பேசிக்கொண்டே நடக்க முடிகிற வேகம்தான் உங்கள் வேகம். பேச்சு திணறினால் நின்றுவிடுங்கள்.

உயரத்தைவிட எனக்குக் கவலை தருவது உங்கள் கிளிமிபிரைடு மாத்திரைதான். நீங்கள் சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் அது இன்சுலினைச் சுரக்க வைத்துக்கொண்டே இருக்கும். சாரி கிராமத்திலிருந்து ஏரிவரை ஏறத்தாழ 3 கிலோமீட்டர் ஏற்றம். அந்த நேரத்தில் தசைகளும் ரத்தத்திலிருந்து சர்க்கரையை வேகமாக இழுக்கும். இரண்டும் சேர்ந்தால் சர்க்கரை சட்டென்று இறங்கிவிடும். வியர்வை, கை நடுக்கம், படபடப்பு, பசி, எரிச்சல் எல்லாம் அதன் அறிகுறிகள். மலை ஏறும்போது வியர்ப்பதும் படபடப்பதும் சகஜம் என்று கூட வருகிறவர்கள் விட்டுவிடுவார்கள். ஆபத்தே அங்கேதான். அதனால் மகனிடமும் மருமகளிடமும் இதை முன்கூட்டியே சொல்லிவையுங்கள். ‘அம்மா ஏன் சம்பந்தமில்லாமல் பேசுகிறார்’ என்று தோன்றினாலே அவர்கள் உட்காரவைத்துச் சர்க்கரை பார்க்க வேண்டும்.

நடக்கிற அன்று காலை மாத்திரையைக் குறைக்க வேண்டுமா என்று உங்கள் மருத்துவரிடம் கட்டாயம் கேளுங்கள். பலருக்குக் குறைக்கத்தான் வேண்டியிருக்கும், ஆனால் நீங்களாகக் குறைக்க வேண்டாம். கிளம்பும் முன் சர்க்கரை அளவு 100-க்குக் கீழே இருந்தால் ஏதாவது சாப்பிட்டுவிட்டு நடங்கள். வழியில் 70-க்குக் கீழே போனால், மூன்று டீஸ்பூன் சர்க்கரையோ குளுக்கோஸோ தண்ணீரில் கலந்து குடித்துவிட்டு, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள்.

பல அம்மாக்களின் கைப்பையில் நான் பார்ப்பது சர்க்கரை இல்லாத பிஸ்கட். இறங்கிய சர்க்கரையை அது உடனே தூக்காது. கடலை மிட்டாயும் சாக்லெட்டும்கூடக் கொழுப்பு இருப்பதால் தாமதமாகத்தான் வேலை செய்யும். அவசரத்துக்கு குளுக்கோஸ் பாக்கெட்தான், அதுவும் பையின் அடியில் இல்லாமல் கைக்கு எட்டுகிற இடத்தில். குளுக்கோமீட்டர் கடும் குளிரில் சரியாக வேலை செய்யாது, ஸ்வெட்டருக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், நடை முடிந்ததோடு இது முடிவதில்லை. தசைகள் தாங்கள் செலவழித்ததை இரவெல்லாம் திரும்ப நிரப்பிக்கொள்ளும். அன்று இரவு களைப்பாக இருக்கிறது என்று சாப்பிடாமல் படுத்துவிடாதீர்கள். படுக்கும் முன் ஒருமுறை சர்க்கரை பாருங்கள்.

இப்போது முழங்கால். உங்களுக்குச் சோதனை ஏற்றத்தில் இல்லை, இறக்கத்தில். மெரினாவில் தினமும் நடந்தாலும் இதற்குப் போதாது, சமதளத்தில் தொடைத் தசைக்கு இறங்கும் பழக்கம் வராது. பரங்கிமலைப் படிகள் உங்களுக்குப் பக்கம்தானே? வாரம் மூன்று நாள் மெதுவாக ஏறி இறங்குங்கள். ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது வலிக்கும் கால் முதலில். கைத்தடி இடது கையில். வீட்டில் நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் பத்து முறை எழுந்து உட்காருங்கள். வலி கூடினாலோ முட்டி வீங்கினாலோ நிறுத்திவிட்டு எலும்பு மருத்துவரைப் பாருங்கள்.

மலையில் வலித்தால் பாரசிட்டமால் போதும். யாராவது டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபென் கொடுத்தால் வாங்காதீர்கள். தண்ணீர் குறைந்த உடம்பில், டெல்மிசார்டனோடு அவை சேர்ந்தால் சிறுநீரகத்துக்குக் கேடு. தாகம் எடுக்கும்வரை காத்திராமல் தண்ணீர் குடியுங்கள்.

புது ஷூவை மலையில் போட்டுப் பழக வேண்டாம். இப்போதே வாங்கி, பரங்கிமலைக்கு அதையே போட்டுப் போங்கள். இரவில் பாதத்தில் கொப்புளம் இருக்கிறதா என்று மருமகளைப் பார்க்கச் சொல்லுங்கள்.

கடைசியாக ஒன்றை மகனிடம் கேட்டுவிடுங்கள். அந்தப் பக்கம் போகிறவர்கள் பலரும் மறுநாளே சோப்தா வழியாகத் துங்கநாத் கோயிலுக்கும் ஏறிவிடுகிறார்கள். அது சுமார் 3,680 மீட்டர் உயரம். ஆக்சிஜன் பற்றி முதலில் நான் சொன்ன ஆறுதல் அந்த இடத்துக்குப் பொருந்தாது. அதுவும் திட்டத்தில் இருந்தால், ஈசிஜி முடிவையும் மூன்று மாத சர்க்கரை அளவையும் சேர்த்து எனக்கு மறுபடி எழுதுங்கள்.