வண்டியிலிருந்து நோயாளியை இறக்கும்போது: கேள்வி பதில்

அவசர சிகிச்சைப் பிரிவில் 22 வருடமாகச் செவிலியராக இருக்கிறேன். நோயாளியை வண்டியிலிருந்து இறக்கும்போது நம் ஆட்களுக்கு அடிபடாமல் பார்த்துக்கொள்வது பற்றிக் கேட்டிருந்தீர்கள்.

கேள்வி: அக்கா, கார் நின்றதும் ஓடிப்போய்த் தூக்கிவிடுகிறோம். தினமும் இடுப்பு வலி. (பணியாளர், மதுரை)

பதில்: தூக்காதீர்கள் தம்பி, நகர்த்துங்கள். நோயாளியைக் கையால் தூக்கும்போது ஒருவர் மேல் விழும் பாரம் 16 கிலோவைத் தாண்டக்கூடாது என்கிறது அமெரிக்காவின் பணியிடப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ். 70 கிலோ ஆளின் ஒரு காலே பத்துப் பன்னிரண்டு கிலோ வரும்!

நினைவோடு இருப்பவரைத் திரும்பி உட்கார வைத்து, இரண்டு பாதத்தையும் தரையில் ஊன்றச் செய்து, முன்னால் சாயச் சொல்லுங்கள். மூக்கு முழங்காலுக்கு நேராக வந்தால் பாரம் அவர் காலுக்கே இறங்கிவிடும். உங்கள் கழுத்தைக் கட்டிக்கொள்ள மட்டும் விடாதீர்கள். அவர் சரிந்தால் நீங்களும் சேர்ந்து சரிவீர்கள்.

நினைவில்லாதவர் என்றால் டிராலியைக் கதவோடு ஒட்டி பிரேக் போடுங்கள். கனமான விரிப்பை அடியில் செருகி, நான்கு பேராக இழுங்கள். ஒருவர் எதிர்க்கதவு வழியாக ஏறித் தள்ள வேண்டும். ஒன்று, இரண்டு, மூன்று சொல்வது தலைப்பக்கம் இருப்பவர் மட்டும்.

கேள்வி: ஆட்டோவில் வந்தால்?

பதில்: அதுதான் சிரமம். வலப்பக்கம் கம்பி, மேலே தாழ்ந்த கூரை. குனிந்த நிலையில் இடுப்பைத் திருப்பாதீர்கள், காலை நகர்த்தித் திரும்புங்கள். கூட வந்தவரை உள்ளிருந்தே நோயாளியை ஓரத்துக்கு நகர்த்தச் சொல்லுங்கள்.

கேள்வி: பதற்றத்தில் டிரைவர்கள் இஞ்சினை அணைப்பதே இல்லை.

பதில்: அணைத்து, ஹேண்ட்பிரேக் போட்ட பிறகுதான் உள்ளே கை நீட்ட வேண்டும். முன்பு நான் இருந்த ஓர் இடத்தில் சரிவான வாசலில் கார் பின்னால் உருண்டது. திறந்திருந்த கதவு இடித்து ஒரு பணியாளரின் மணிக்கட்டு முறிந்தது. அவர் வலியில் சுருண்டு உட்கார்ந்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. அப்புறம்தான் சக்கரத்துக்கு வைக்க ஒரு மரக்கட்டை வாங்கினார்கள். உங்கள் வாசலிலும் ஒன்று இருக்கட்டும்.

கேள்வி: பூச்சிமருந்து குடித்தவரை இறக்கும்போது? (செவிலியர், தஞ்சாவூர்)

பதில்: ஆர்கனோபாஸ்பேட் என்ற பூச்சிமருந்து வகை தோல் வழியாகவும் உள்ளே போகும். வாந்தியில் நனைந்த சட்டையை வெறுங்கையால் தொடாதீர்கள். சாதாரண லேடெக்ஸ் ரப்பர் கையுறை போதாது, நைட்ரைல் என்ற செயற்கை ரப்பர் கையுறை போடுங்கள். ஏப்ரனும் வேண்டும். சட்டையைக் கத்தரித்து எடுத்துப் பையில் கட்டிவிடுங்கள். மேலே பட்டுவிட்டால் உடனே சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

கேள்வி: மூச்சே இல்லாதவருக்கு இதற்கெல்லாம் நேரம் ஏது?

பதில்: சரிதான். இருக்கையில் வைத்து நெஞ்சை அழுத்திப் பலனில்லை, உடனே வெளியே எடுத்தாக வேண்டும். அப்போதும் தனியாக இழுக்காதீர்கள். சத்தமாகக் குரல் கொடுங்கள், உள்ளே இருப்பவர்கள் ஓடி வந்துவிடுவார்கள்.