அடுக்கிய படம் ஏன் கறுப்பாக வருகிறது?

கேள்வி: சேலம் அம்மாப்பேட்டையில் வசிக்கிறேன். ஜனவரியில் ஏற்காடு சென்றபோது, முக்காலியில் கேமராவை வைத்து 50 மி.மீ. லென்சில் ஓரியன் நெபுலாவை (ஓரியன் விண்மீன் கூட்டத்தில் உள்ள ஒளிரும் வாயு மேகம்) 8 விநாடி வீதம் 90 படங்கள் எடுத்தேன். இலவச மென்பொருளான சிரிலில் அவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி ஒரே படமாக்கினால் முழுக்கக் கறுப்பாக ஒரு படம் வருகிறது. வெளிச்சத்தைக் கூட்டினால் ஒரு பக்கம் ஆரஞ்சு நிறமாகிவிடுகிறது. எங்கே தவறு?

பதில்: அடுக்கியதில் தவறில்லை. ஜேபெக் படத்தில் இருண்ட பகுதிகளைத் தூக்கிக் காட்டும் வேலையைக் கேமராவே செய்துவிடுகிறது. சிரிலோ சென்சாரில் விழுந்த ஒளியின் அளவை அப்படியே வைத்திருக்கிறது. அந்தக் கணக்கில் பிரகாசமான நட்சத்திரங்களைத் தவிர எல்லாமே கறுப்பை ஒட்டித்தான் கிடக்கும். படத்துக்குக் கீழே ‘லீனியர்’ என்றிருக்கும் பார்வை முறையை ‘ஆட்டோஸ்ட்ரெட்ச்’ என்று மாற்றிப் பாருங்கள், நெபுலா தெரியும். இது கண்ணுக்கு மட்டும்தான். கோப்பில் ஒன்றும் மாறாது.

ஆரஞ்சு நிறம் உங்கள் ஊரின் கொடை. ஏற்காட்டிலிருந்து சேலம் தென்மேற்கே, மலையடிவாரத்தில் இருக்கிறது. லேடீஸ் சீட் காட்சிமுனையில் நின்று நாம் ரசிக்கும் விளக்குகள்தான், ஓரியன் மேற்கே சாயும் நேரத்தில் படத்தின் ஒரு மூலையை நிரப்புகின்றன. நகர ஒளி நெபுலாவின் ஒளியோடு கூட்டலாகச் சேர்ந்தது, கூட்டியதைக் கழித்துவிடலாம். ஆனால் வெளிச்சத்தை இழுத்துவிட்ட பிறகு அந்தக் கூட்டல் கணக்கு குலைந்துபோகும். நீங்கள் செய்தது அதைத்தான். நானும் முதல் ஆண்டு முழுவதும் அப்படித்தான் செய்துகொண்டிருந்தேன்.

ஆகவே முதலில் படத்தின் ஓரங்களை வெட்டுங்கள். அடுக்கும்போது ஒன்றோடொன்று பொருந்தாத பட்டைகள் அங்கேதான் சேரும். மரக்கிளை ஏதும் விழுந்திருந்தால் அதையும் வெட்டிவிடுங்கள். அடுத்து, நகர ஒளியைக் கழிக்கும் ‘பேக்ரவுண்ட் எக்ஸ்ட்ராக்‌ஷன்’. மாதிரிப் புள்ளிகளை உருவாக்கச் சொன்னால் படமெங்கும் சிறு சதுரங்கள் விழும். வெறும் வானத்தில் இருப்பவற்றை மட்டும் விட்டுவிட்டு, நெபுலாவின் மீதும் அதைச் சுற்றியுள்ள மங்கலான விளிம்பின் மீதும் விழுந்தவற்றை வலது கிளிக்கில் நீக்குங்கள். இந்த இடத்தில் பொறுமை வேண்டும். ஒரு சதுரம் நெபுலாவில் தங்கிவிட்டாலும், சிரில் அதையும் நகர ஒளியாக எண்ணிக் கழித்துவிடும். நெபுலாவைச் சுற்றிக் கறுப்பு வளையம் விழும்.

பிறகு நிறச் சீரமைப்பு, பச்சை இரைச்சல் (படத்தில் தேவையின்றித் தெரியும் பச்சைப் புள்ளிகள்) நீக்கம். இரண்டும் சில கிளிக்குகளில் முடிந்துவிடும். இதற்கெல்லாம் பின்னரே வெளிச்சத்தைக் கூட்டும் ஹிஸ்டோகிராம் (படத்தின் ஒளி அளவுகளைக் காட்டும் வரைபடம்). நடு முக்கோணத்தை மெல்ல இடப்பக்கம் நகர்த்துங்கள்; ஒரேயடியாக வேண்டாம், இரண்டு மூன்று தவணையாகச் செய்யுங்கள். வானம் கரும்பலகைபோல் ஆகும்வரை கறுப்பு முனையை ஏற்றுவது தொடக்கக்காரர்களின் ஆசை. உண்மையான வானம் அடர்சாம்பல்தான். இறுதியில் 16 பிட் டிஃப் கோப்பாகச் சேமித்து, மெருகேற்ற கிம்ப் என்ற படத் திருத்த மென்பொருளுக்குக் கொண்டுபோங்கள்.

90 படங்களையும் ஒருமுறை புரட்டிப் பாருங்கள். ஏற்காட்டு மூடுபனி சொல்லிக்கொண்டு வருவதில்லை. அது கடந்த படங்களில் நட்சத்திரங்களைச் சுற்றி ஒளிவட்டம் இருக்கும், தயங்காமல் தள்ளுங்கள். இரைச்சலுக்கு எதிரான ஆதாயம் படங்களின் எண்ணிக்கைக்கு வர்க்கமூலமாகத்தான் கூடுகிறது. 90 படங்களுக்கு சுமார் 9.5 மடங்கு, 70 படங்களுக்கு சுமார் 8.4 மடங்கு. இருபதை இழந்தாலும் பெரிய நட்டமில்லை.

நட்சத்திரங்கள் அரிசிபோல் நீண்டிருந்தால் காரணம் அந்த 8 விநாடி. வானம் மணிக்கு 15 டிகிரி சுழல்கிறது. நகராத முக்காலியில் 50 மி.மீ. லென்சுக்கு 4 விநாடி போதும். எடுத்து முடித்ததும் லென்சை மூடி, அதே ஐஎஸ்ஓ, அதே விநாடியில் இருபது ‘டார்க்’ படங்களை (சென்சாரின் இரைச்சலைக் கழிக்க உதவும் இருட்டுப் படங்கள்) மலையிலேயே எடுங்கள். வீட்டுக்கு வந்து சேலத்து வெக்கையில் எடுத்தால் சென்சார் இரைச்சல் ஒத்துப்போகாது. ஃபோகஸைத் தொடாமல், வெள்ளை வேட்டியை லென்சின் மீது சுருக்கமின்றி இழுத்துப் பிடித்து விடியற்கால வானத்தை நோக்கி எடுத்தால் லென்சின் ஓர இருட்டையும் தூசித் தடங்களையும் சரிசெய்யும் ‘ஃப்ளாட்’ படங்களும் தயார்.