தோற்கிற அணியில் ஒரு மகள்

வணக்கம் ஐயா,

கபடி வீராங்கனை கண்ணகி நகர் கார்த்திகாவைப் பற்றி நீங்கள் எழுதியதை வீட்டில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன். சந்தோஷமாக இருந்தது. ஆனால் அதிலிருந்தே எங்கள் வீட்டில் ஒரு வாக்குவாதம் தொடங்கிவிட்டது.

என் மகளும் கபடி ஆடுகிறாள். ஒன்பதாவது படிக்கிறாள், பள்ளி அணியில் இருக்கிறாள். மண்டலப் போட்டியில் முதல் சுற்றிலேயே தோற்று வந்தார்கள். போன வருடமும் அப்படித்தான். வரும் ஜூனில் பத்தாவது. என் மனைவி, மாமியார், வகுப்பாசிரியை மூவருமே ‘இதோடு போதும்’ என்கிறார்கள். வெயிலில் கறுத்துப் போகிறாள், முட்டியெல்லாம் தழும்பு என்பது மாமியாரின் கவலை. அவள் இந்தியாவுக்கு ஆடப் போகிறவள் இல்லை, அது அவளுக்கே தெரியும். குகேஷ், கார்த்திகா என்று சாதித்தவர்களைப் பற்றித்தான் எல்லோரும் எழுதுகிறீர்கள். சாதிக்காத பிள்ளைக்கு விளையாட்டு எதற்கு? ஸ்போர்ட்ஸ் கோட்டாவுக்காவது உதவுமா?

பெயர் வேண்டாம்,
கொரட்டூர்

அன்புள்ள நண்பருக்கு,

நிறுத்தாதீர்கள். பத்தாவதிலும் ஆடட்டும், தோற்றாலும் ஆடட்டும்.

இந்தியாவுக்கு ஆடப் போவதில்லை என்று தெரிந்தும் ஒரு பெண் தினமும் மைதானத்துக்குப் போகிறாள் என்றால், அங்கே அவளுக்கு ஏதோ கிடைக்கிறது. அது என்னவென்று கேட்டீர்களா? வீட்டிலும் பள்ளியிலுமாக மூன்று பேர் சொன்னதை எழுதியிருக்கிறீர்கள். அவள் சொன்னது கடிதத்தில் இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் தி.நகர் சோமசுந்தரம் மைதானத்துக்குப் போய்ப் பாருங்கள். ஒரே மைதானத்தில் ஒன்றின்மேல் ஒன்றாக எத்தனையோ மேட்ச் நடக்கும். ஒரு டீமின் லாங் ஆன் ஃபீல்டர் இன்னொரு டீமின் ஸ்லிப்புக்குப் பக்கத்தில் நிற்பார். எந்தப் பந்து யாருடையது என்பது ஆடுகிறவர்களுக்கு மட்டும்தான் தெரியும். தொப்பை விழுந்தவர்கள், முடி நரைத்தவர்கள், நைட் ஷிப்ட் முடித்து நேராக வந்தவர்கள் எல்லாம் ஆடிக்கொண்டிருப்பார்கள். அவர்களில் யாரும் ரஞ்சி ஆடப் போவதில்லை. ‘உங்களுக்கெல்லாம் விளையாட்டு எதற்கு’ என்று அவர்களை யாரும் கேட்பதும் இல்லை. அந்தக் கூட்டத்தில் பெண்கள் எத்தனை பேர் என்று மட்டும் எண்ணிப் பாருங்கள். மெரினா மணலிலும் எண்ணிப் பாருங்கள்.

உங்களுக்கு மகன் இருந்து, அவன் பள்ளி அணியை விட்டிருந்தால் நான் இவ்வளவு அழுத்திச் சொல்லியிருக்க மாட்டேன். அவன் தெருமுனையில் ஆடுவான், காலேஜில் ஆடுவான், வேலைக்குப் போனபின் டர்ஃபுக்குக் காசு கட்டி ஆடுவான். பெண்ணுக்கு இந்த ஊரில் பள்ளி அணி ஒன்றுதான் மைதானம். பதினைந்து வயதில் அதை விட்டவள், நாற்பதுக்கு மேல் சர்க்கரை வந்து டாக்டர் நடக்கச் சொல்லும்போதுதான் மறுபடி ஷூ வாங்குகிறாள். நம் வீட்டுப் பெண்களையே பாருங்கள்.

5 முதல் 17 வயதுவரை உள்ள பிள்ளைகள் தினமும் சராசரியாக 60 நிமிடம் மூச்சு வாங்க ஓடியாட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். 11 முதல் 17 வயதுள்ளவர்களில் 81 சதவீதம் பேர் அந்த அளவுகூட அசைவதில்லை என்று அதே நிறுவனத்தின் கணக்கு சொல்கிறது. பெண்களில் அது 85. பெண் உடம்பின் எலும்பு வலுவில் பெரும்பகுதி சேர்வது இந்தப் பதின்ம வயதில்தான். ஓடுவதும் குதிப்பதும் அதைக் கூட்டும். மாதவிடாய் நின்றபிறகு எலும்பு தேயத் தொடங்கும்போது கைகொடுப்பது இப்போது சேர்த்து வைப்பதுதான். முட்டித் தழும்புக்காக வருத்தப்படும் உங்கள் மாமியாரிடம் இதைப் பொறுமையாக எடுத்துச் சொல்லுங்கள். அவர் கவலை பாசத்தில் வருவது, தட்டிப் பேச வேண்டாம்.

இனி தோல்விக்கு வருகிறேன். உங்கள் மகள் ஆடும் ஆட்டத்தையே எடுத்துக்கொள்வோம். ஒவ்வொருத்தியாக அவுட்டாகி வெளியே போய் உட்கார்ந்துவிட்டார்கள், ஒருத்தி மட்டும் கோர்ட்டில் நிற்கிறாள் என்று வையுங்கள். அவளும் பிடிபட்டால் லோனா, எதிரணிக்கு இரண்டு புள்ளி கூடுதலாகப் போகும். கையில் 30 வினாடி. ‘கபடி கபடி’ என்று பாடிக்கொண்டே அவள் தனியாகத்தான் கோட்டைத் தாண்டிப் போக வேண்டும். இருபுறமும் கார்னரில் நிற்கிறவர்கள் கணுக்காலையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். யாராவது ஒருத்தியின் தோளில் விரல் நுனி பட்டு, தன் பக்கம் திரும்பி வந்துவிட்டால் ஒரு புள்ளி. கூடவே வெளியே உட்கார்ந்திருக்கும் தோழி ஒருத்தி எழுந்து உள்ளே வருவாள். ஸ்கோரில் 20 புள்ளி பின்னால் இருந்தாலும் அந்த ரெய்டை முழு மூச்சோடுதான் போக வேண்டும். முதல் சுற்றில் தோற்று வந்த உங்கள் மகள் அந்த இடத்தில் நின்றிருப்பாள். நீங்கள் அந்த மேட்சைப் பார்க்கப் போனீர்களா?

கார்த்திகாவைப் பற்றி நான் எழுதியதில் சொல்ல இடமில்லாமல் போன ஒன்று உண்டு. 2025 அக்டோபரில் பஹ்ரைனில் ஆசிய இளையோர் விளையாட்டுப் போட்டியின் இறுதி ஆட்டத்தில் இந்தியப் பெண்கள் ஈரானை 75க்கு 21 என்று வென்றார்கள். கார்த்திகா துணை கேப்டன். நகரத்துக் குடிசைகளை அகற்றி, அங்கிருந்தவர்களைக் கொண்டுபோய்க் குடியமர்த்திய இடம் கண்ணகி நகர். அந்தப் பெயரைச் சொன்னால் வேலை கிடைக்காது என்று துரைப்பாக்கம் என்றே முகவரி சொல்லிப் பழகியவர்கள் அங்கே இருக்கிறார்கள். அந்தப் பெயரை நாடே கைதட்டிச் சொல்ல வைத்தாள் ஒரு பெண். ஆனால் அவள் ரெய்டு பழக எதிரே ஆள் நிற்க வேண்டும் இல்லையா? தினமும் மாலையில் அவளைப் பிடித்து அமுக்கியவர்களும், பிடி நழுவி விழுந்தவர்களும் பஹ்ரைனுக்குப் போகவில்லை. அவர்கள் பெயர் எந்தப் பேப்பரிலும் வராது. அவர்கள் இல்லாமல் அவள் இல்லை.

சென்னையில் எந்த விளையாட்டை எடுத்தாலும் இதே கதைதான். ஆனந்த் சிறுவனாக ஆடிப் பழகிய டால் செஸ் கிளப், சோவியத் கலாச்சார மையத்தில் நடந்தது. வேக ஆட்டத்தில் ஜெயித்தவர் நாற்காலியிலேயே இருக்கலாம், தோற்றவர் எழுந்து வரிசையில் நிற்க வேண்டும். அப்படி எழுந்து நின்ற பெரியவர்கள் எத்தனை பேரோ. வடசென்னை கேரம் மன்றங்களைப் பார்த்திருக்கிறீர்களா? பலகைக்கு மேல் தாழத் தொங்கும் ஒரு பல்பு, சுற்றிலும் ஆட்டோக்காரர்கள், ஹார்பரில் வேலை பார்ப்பவர்கள். உலக சாம்பியன் மரிய இருதயம் கேரமுக்காக 1996-இல் அர்ஜுனா விருது வாங்கியதும், 2024-இல் ஆட்டோ ஓட்டுநரின் மகள் காசிமா அமெரிக்காவில் நடந்த உலகப் போட்டியில் மூன்று தங்கம் வாங்கியதும் இப்படிப்பட்ட பலகைகளிலிருந்துதான்.

1999 ஜனவரியில் சேப்பாக்கம் டெஸ்டில் பாகிஸ்தானிடம் 12 ரன்னில் தோற்றோம். முதுகுவலியோடு 136 அடித்த சச்சின் அவுட்டானபின் நான்கு ரன் சேர்ப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அதே மாதம் டெல்லியில், பாகிஸ்தான் இங்கே ஆடக் கூடாது என்று ஆடுகளத்தையே தோண்டிப் போட்டிருந்தார்கள். சென்னைக் கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது, பாகிஸ்தான் வீரர்கள் மைதானத்தைச் சுற்றி வந்தார்கள். தெருவிலும் மணலிலும் ஆடித் தோற்ற ஆயிரக்கணக்கானவர்கள் அந்த கேலரியில் இருந்ததால்தான் அது நடந்தது என்று நான் நம்புகிறேன். வெறும் பார்வையாளர்களால் அப்படி எழுந்து நிற்க முடியாது.

படிப்பைப் பற்றி உங்கள் மனைவி கவலைப்படுவது நியாயம். பள்ளி விளையாட்டுக்கும் படிப்புக்கும் உள்ள தொடர்பு பற்றிய 50 ஆய்வுகளை அமெரிக்க அரசின் நோய்த் தடுப்பு மையம் 2010-இல் தொகுத்துப் பார்த்தது. அவற்றில் கண்ட தொடர்புகளில் பாதி நல்ல பக்கமாக இருந்தன. மீதி பெரும்பாலும் இப்படியும் இல்லை, அப்படியும் இல்லை. கெடுதல் என்று வந்தது 1.5 சதவீதம். ஆடினால் மார்க் ஏறும் என்று நான் வாக்குக் கொடுக்கவில்லை. ஆடுவதால் இறங்கும் என்ற பயத்துக்கு ஆதாரம் இல்லை என்றுதான் சொல்கிறேன்.

கோட்டா விஷயத்தில் உள்ளதைச் சொல்கிறேன். தமிழக அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு உண்டு, பொறியியல் கலந்தாய்விலும் தனி இடங்கள் உண்டு. ஆனால் அவை உயர்மட்டப் போட்டிகளில் ஆடிச் சாதித்தவர்களுக்கே போய்ச் சேரும். மண்டலப் போட்டிச் சான்றிதழை நம்பித் திட்டம் போடாதீர்கள்.

வகுப்பாசிரியையைத் தனியாகப் பார்க்க வேண்டாம், பி.இ.டி. டீச்சரையும் உடன் வைத்துக்கொண்டு பேசுங்கள். டிசம்பர்வரை வழக்கமான பயிற்சி, ஜனவரியிலிருந்து வாரம் மூன்று நாள், பொதுத்தேர்வு மாதத்தில் மட்டும் ஓய்வு என்று கேட்டுப் பாருங்கள். தேர்வு முடிந்ததும் அணியில் இடம் உண்டு என்பதையும் அப்போதே பேசி உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். விட்ட பெண்கள் பெரும்பாலும் திரும்பாமல் போவது அந்த இடைவெளியில்தான். அப்படியே ஒரு ஹீமோகுளோபின் டெஸ்டும் எடுத்துவிடுங்கள். இந்த வயதுப் பெண் பிள்ளைகள் பலருக்கு ரத்தசோகை இருக்கிறது, ஓடி ஆடுகிறவளுக்கு அது சீக்கிரம் தெரியும்.

அன்புடன்