கையெழுத்துப் போடலாமா?

கேள்வி: என் மகன் தொடக்கநிலை 2 படிக்கிறான். பலகையில் இருப்பதை அவன் எழுதி முடிப்பதற்குள் பாடவேளையே முடிந்துவிடுகிறதாம், நாற்காலியில் ஒழுங்காக உட்காருவதும் இல்லையாம். ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் (ஓ.டி.) ஒருவர் வகுப்புக்கு வந்து பார்க்க, பள்ளியில் சம்மதப் படிவம் கொடுத்திருக்கிறார்கள். "கையெழுத்துப் போட்டால் பிள்ளைமேல் முத்திரை குத்திவிடுவார்கள்" என்கிறார் மாமியார். என்ன செய்வது?
– ஒரு தாய், ஈசூன், சிங்கப்பூர்

பதில்: தாராளமாகப் போடுங்கள்.

கவனக்குறைபாடு இருக்கிறதா, டிஸ்லெக்சியா என்கிற வாசிப்புச் சிரமம் இருக்கிறதா என்று முடிவு சொல்வது மருத்துவரும் உளவியலாளரும் செய்கிற வேலை. எழுத, உட்கார, சட்டைப் பொத்தான் போட, ஷூ லேஸ் கட்டப் பிள்ளைக்கு எங்கே சிரமம் வருகிறது, அதை எப்படிக் குறைக்கலாம் என்பதைத்தான் ஓ.டி. பார்ப்பார்.

அவர் கண் முதலில் உங்கள் மகனின் பாதத்துக்குப் போனாலும் ஆச்சரியப்படாதீர்கள். பாதம் தரையில் படாமல் தொங்கினால், சறுக்காமல் இருப்பதற்கே உடம்பு பாடுபட வேண்டியிருக்கும். ஒரு காலை மடித்துப் போடுவான், மேசைமேல் சரிவான், எழுந்து நிற்பான். பார்ப்பவர்களுக்கு அது சேட்டை. காலடியில் ஒரு பலகை வைத்ததுமே ஓரளவு அடங்கிவிடும் பிள்ளைகள் உண்டு. அப்புறம் பென்சில். விரல்நகம் வெளுக்கிற அளவுக்கு இறுக்கிப் பிடிக்கிறானா, மறு கையால் தாளைப் பிடித்துக்கொள்கிறானா, பலகையை நிமிர்ந்து பார்க்கும்போது ஒரு முழுச் சொல்லை மனத்தில் வாங்குகிறானா, ஒற்றை எழுத்தைத்தானா என்றெல்லாம் கவனிப்பார். முடிந்தால் தமிழ் வகுப்பையும் பார்க்கச் சொல்லுங்கள். ஞ, ண சுழிகளில் கை திணறுவது ஆங்கிலப் பாடத்தில் தெரியாது.

முந்தின நாள் இரவு, "நாளைக்கு ஒழுங்கா உட்காரணும்" என்று மட்டும் அவனுக்குப் பாடம் எடுக்காதீர்கள். விருந்தாளி வந்தால் நம் வீடுகளில் நடக்கிற கூத்து அங்கே வேண்டாம். வழக்கமான நாளைப் பார்த்தால்தான் அவருக்கு விஷயம் பிடிபடும்.

மாமியாரோடு மல்லுக்கு நிற்க வேண்டியதில்லை. நாலு பேர் வாய்க்குப் பயந்தே வளர்ந்த தலைமுறை அது. 2019 முதல் தொடக்கநிலை 1, 2 பிள்ளைகளுக்குத் தேர்வு கிடையாது, அடுத்த ஆண்டிலிருந்து மதிப்பெண் வந்துவிடும், அதற்குள் இதைச் சரிபார்த்துவிடலாம் என்று சொல்லுங்கள். நாளைக்கு தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வான பி.எஸ்.எல்.இ.க்குக் கூடுதல் நேரம் கேட்கும் நிலை வந்தாலும் பள்ளி வழியாகத்தான் போக வேண்டும். மூடி மறைத்த சிரமத்துக்கு யார் நேரம் தருவார்கள்? சப்பாத்தி மாவு பிசைகிற வேலையைப் பேரனுக்குக் கொடுக்கச் சொல்லியும் கேட்டுப் பாருங்கள். விரலுக்கு நல்ல பயிற்சி. கையெழுத்து நோட்டு வாங்கி, ஏற்கெனவே வலிக்கிற கையைப் பக்கம் பக்கமாக எழுத வைப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

படிவத்தோடு ஒரு துண்டுத்தாளும் இணையுங்கள். வீட்டில் அவன் பொத்தான் போட எவ்வளவு நேரம் எடுக்கிறான், கரண்டியை எப்படிப் பிடிக்கிறான், எந்தச் சத்தத்துக்குக் காதைப் பொத்திக்கொள்கிறான் என்று நாலு வரி போதும். வகுப்பறையில் உட்கார்ந்திருப்பவருக்கு இதெல்லாம் தெரிய வழியில்லை.