"சொல்றதுக்கு என்ன இருக்கு?" என்கிறார் அம்மா

கேள்வி: என் அம்மாவுக்கு 81 வயது. அவருடைய வாழ்க்கைக் கதையைப் பதிவு செய்யலாம் என்று கைப்பேசியை முன்னால் வைத்துக் கேட்டால், "சொல்றதுக்கு என்ன இருக்கு?" என்று முடித்துவிடுகிறார். ஒருநாள் அவராகவே இரண்டு மணி நேரம் பேசியதைப் பதிவு செய்து குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். பிள்ளைகள் யாரும் கேட்கவில்லை. கேட்ட பெரியம்மாவோ, பாதிக்கு மேல் தவறு என்கிறார். இதைத் தொடர்வதில் பயன் உண்டா?

பதில்: உண்டு. 81 ஆண்டுகளை எந்த முனையில் பிடித்து இழுப்பது என்பதுதான் உங்கள் அம்மாவுக்குத் தெரியவில்லை. கதையைக் கேட்பதை விட்டுவிட்டு, பழைய பொருள் ஒன்றை அவர் கையில் கொடுத்து அதைப் பற்றி மட்டும் கேளுங்கள். என் அத்தையும் இப்படிப் பேச மறுத்தவர்தான். பெட்டிக்குள் கிடந்த துருப்பிடித்த பூட்டொன்றை ஒருநாள் அவரிடம் நீட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்தவர், கட்டைவிரலால் சாவித் துவாரத்தைத் தேய்த்துக்கொண்டே, "இதோட சாவிய நான்தான் கிணத்துல போட்டேன், இன்னிக்கு வரைக்கும் யாருக்கும் தெரியாது" என்றார். அவருடைய படிப்பு நின்றுபோன கதை முழுவதும் அந்தச் சாவிக்குப் பின்னால் வந்தது. முதியவர்களிடம் ஏறத்தாழ 10 முதல் 30 வயது வரையிலான நினைவுகளே மற்ற பருவங்களைவிட அதிகமாகத் தங்கியிருப்பதாக உளவியல் ஆய்வுகள் காட்டுகின்றன. ஆகவே அந்த வயதுக்குரிய பொருளாகத் தேர்ந்தெடுப்பது நல்லது. அவர் பேச்சை நிறுத்தியதும் அடுத்த கேள்விக்குத் தாவாமல், பத்து வினாடி சும்மா இருங்கள். நானும் இதைத் தாமதமாகத்தான் கற்றுக்கொண்டேன்.

பெரியம்மா சொல்வதைக் கேட்டு எதையும் அழித்துவிடாதீர்கள். இத்தாலியின் தெர்னி நகரில் 1949-இல் ஓர் ஊர்வலத்தின்போது லூயிஜி திராஸ்துல்லி என்ற எஃகு ஆலைத் தொழிலாளி காவல்துறையினரால் கொல்லப்பட்டார். பல ஆண்டுகள் கழித்து அவ்வூராரிடம் வாய்மொழி வரலாறு சேகரித்த அலெஸ்ஸாந்த்ரோ போர்த்தெல்லி, பலர் அந்தச் சாவை 1953-இல் நடந்த ஆட்குறைப்புப் போராட்டத்தோடு சேர்த்தே நினைவில் வைத்திருந்ததைக் கண்டார். அதைப் பிழை என்று ஒதுக்காமல், அந்தச் சாவு அவர்களுக்கு என்னவாகப் பொருள்பட்டது என்பதற்கான சான்றாக அவர் எடுத்துக்கொண்டார். உங்கள் அம்மாவின் பேச்சையும் பெரியம்மாவின் பேச்சையும் தனித்தனியே பதிவு செய்து, இரண்டையும் வைத்திருங்கள். இருவரையும் ஒன்றாக உட்காரவைத்தால் மூத்தவர் சொல்வதே கதையாகிவிடும். எழுத்தில் பெயர்க்கும்போதும் அம்மாவின் பேச்சு வழக்கை எழுத்துத் தமிழாகத் திருத்த வேண்டாம்.

பிள்ளைகள் மீது எனக்குக் குறையில்லை. இரண்டு மணி நேரப் பதிவை யார்தான் உட்கார்ந்து கேட்பார்கள்? முழுப் பதிவைப் பத்திரப்படுத்திவிட்டு, அதிலிருந்து ஒரே ஒரு சம்பவத்தை மூன்று நிமிடத்துக்கு வெட்டி அனுப்புங்கள். இதைவிட நல்ல வழி, கேள்வி கேட்கும் வேலையையே பேரப்பிள்ளைகளிடம் கொடுப்பது. 2003-இல் நியூயார்க்கில் தொடங்கிய ஸ்டோரிகார்ப்ஸ் அமைப்பும், ஒருவரையொருவர் அறிந்த இருவரை 40 நிமிடம் பேசவைத்துத்தான் பதிவு செய்கிறது. குடும்ப வரலாறு தெரிந்த பிள்ளைகளிடம் தன்மதிப்பு கூடுதலாக இருப்பதாக அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழக உளவியலாளர்கள் மார்ஷல் டியூக்கும் ராபின் ஃபிவுஷும், குடும்பத்தைப் பற்றிய 20 கேள்விகளைக் கொண்டு நடத்திய ஆய்வில் கண்டார்கள். உடனே அந்த விடைகளைப் பிள்ளைகளுக்கு மனப்பாடம் செய்விக்கத் தொடங்கிவிடாதீர்கள். விடை தெரிந்திருப்பதைவிட, அது எப்படித் தெரியவந்தது என்பதே முக்கியம் என்று டியூக்கே எச்சரித்திருக்கிறார்.

பதிவோடு பழைய புகைப்படங்களையும் சேர்ப்பீர்கள் என்றால், வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பும் படங்கள் சுருக்கப்பட்டுத் தரம் குறைந்துவிடும். குழுவில் இருப்பதைச் சேமிப்பாகக் கருத வேண்டாம். மூலக் கோப்பை மூன்று பிரதிகளாக வைத்து, அவற்றில் ஒன்றை வேறொரு வீட்டில் கொடுத்துவையுங்கள். அச்சிட்ட படங்களின் பின்புறத்தில் பெயர்களை மென்மையான பென்சிலால் எழுதுங்கள். பந்துமுனைப் பேனா அழுத்தினால் தடம் முன்பக்கம் தெரியும்.

ஒன்று மட்டும் மறக்க வேண்டாம். என் அத்தை சாவியைப் பற்றிச் சொல்லிவிட்டு, "என் அண்ணன் இருக்கிற வரைக்கும் இத யாருக்கும் போட்டுக் காட்டாதே" என்றார். அவர் அண்ணன் மறையும் வரை, ஆறு ஆண்டுகள், அந்தப் பதிவு என்னிடமே இருந்தது. எதைப் பிள்ளைகளுக்கு அனுப்பலாம், எது காத்திருக்க வேண்டும் என்பதை, அடுத்த முறை பதிவை நிறுத்துவதற்கு முன் அம்மாவிடமே கேட்டு, அவர் சொல்லும் பதிலையும் சேர்த்துப் பதிவு செய்துகொள்ளுங்கள்.