ஆமை முட்டையைப் புரட்டலாமா? கேள்வி பதில்

பங்குனி ஆமைகள் என்னும் கடலாமைகள் முட்டையிடக் கரையேறும் காலம் இது. கருவின் முதல் நாட்களைப் பற்றி வந்த கேள்விகளுக்கு விலங்கியல் படித்தவள் என்ற முறையில் பதில் எழுதுகிறேன்.

தேவனாம்பட்டினம்: அம்மா, முட்டைகளை ராத்திரியோடு ராத்திரியாகப் பொரிப்பகத்துக்கு மாற்றுகிறார்களே, விடிந்தபின் நிதானமாகச் செய்தால் என்ன?

அந்த அவசரம் நியாயமானது, தம்பி. கரு தாயின் வயிற்றிலேயே வளரத் தொடங்கிவிடுகிறது. ஒரு செல் பலவாகப் பிளந்து, பிறகு அவை இடம் மாறி அடுக்குகளாகப் பிரியும். இந்தக் கட்டத்துக்குக் கேஸ்ட்ருலா என்று பெயர். தோலும் நரம்பும் புற அடுக்கிலிருந்து வரும். தசை, எலும்பு, இதயம் நடு அடுக்கிலிருந்து. குடலின் உள்வரி அக அடுக்கிலிருந்து. கடலாமையின் கரு இந்தக் கட்டத்தின் நடுவிலேயே நின்றுவிடுகிறது. தாயின் வயிற்றில் முட்டை இருக்கும் கருக்குழாயில் ஆக்சிஜன் மிகக் குறைவு என்பதே காரணம். தாய்க்கு இது வசதி: கரையேறத் தோதான இரவு வரும்வரை காத்திருக்கலாம்.

மணலில் விழுந்து காற்றுப் பட்ட சில மணி நேரத்தில் வளர்ச்சி மீண்டும் தொடங்கும். கரு மஞ்சள் கருவின் உச்சிக்கு வந்து, ஓட்டின் உட்புறச் சவ்வோடு ஒட்டிக்கொள்ளும். அதன்பின் முட்டையைப் புரட்டினால் கரு செத்துவிடும். இட்ட 2 மணி நேரத்துக்குள் மாற்றுவது உத்தமம். தாமதமாகிவிட்டால், மேற்புறம் மேலேயே இருக்கும்படி எடுப்பதைத் தவிர வேறு வழியில்லை.

வில்லியனூர்: கோழி மட்டும் முட்டையை உருட்டிக்கொண்டே இருக்கிறதே?

நல்ல கேள்வி. கோழி முட்டையை உடைத்தால் மஞ்சள் கருவின் இரு பக்கமும் முறுக்கிய வெள்ளை இழை தெரியும் அல்லவா? மஞ்சள் கருவை நடுவில் தாங்குவது அதுதான். எப்படி உருட்டினாலும், மஞ்சள் கருவின் மேல் கரு வளரும் சிறு வட்டமான கருத்தட்டு மேல்நோக்கித் திரும்பிவிடும். ஆமை முட்டையில் அந்த இழை கிடையாது. கோழிக்கு உருட்டாவிட்டால்தான் ஆபத்து. கரு ஓட்டோடு ஒட்டிக்கொள்ளும்.

பண்ருட்டி: சித்திரையில் அடை வைத்தால் பாதி கூமுட்டையாகிறது. சேவலில் கோளாறா?

சேவலைத் திட்டாதீர்கள். இட்ட முட்டையில் ஏற்கெனவே ஆயிரக்கணக்கான செல்கள் இருக்கின்றன. சுமார் 20 டிகிரிக்குக் கீழே அவை உறங்கும். ஒழுங்காக வளர 37.5 டிகிரி வேண்டும். நம் ஊர் வெயிலில் வீட்டு மூலையே 35 டிகிரி! கரு அரைகுறையாக விழித்து, தடுமாறி இறந்துவிடுகிறது. முட்டைகளை ஈரமணல் மேல் வைத்த மண்பானையில் சேர்த்து, ஒரு வாரத்துக்குள் அடை வையுங்கள்.

வீராம்பட்டினம்: ஆமைக்குஞ்சு ஆணா பெண்ணா என்பதும் அந்த முதல் இரவிலேயே முடிவாகுமா?

இல்லை. அடைகாலத்தின் நடுப்பகுதியில், மணலின் சூடு முடிவு செய்கிறது. சூடு கூடினால் பெண்.

தாழங்குடா: நாய் தோண்டும் கூட்டைக் கண்டால் நாங்களே முட்டைகளை எடுத்து வைக்கலாமா?

கூடாது. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இடம் தராது. நாயை விரட்டி, மேலே மணலைத் தள்ளி மூடிவிட்டு, வனத்துறைக்குச் சொல்லுங்கள். அவர்கள் வரும்வரை ஒருவர் அங்கேயே நிற்பது நல்லது.