அமெரிக்காவின் மிச்சிகனில் வேட்டைப் பருவத்தில் மான் வர எதை விதைக்கலாம்?

அக்டோபர் வில் வேட்டைக்கும் நவம்பர் 15-இல் தொடங்கும் துப்பாக்கி வேட்டைக்கும் ஒரே பயிர் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். போதாது.

வில் வேட்டைக்கு ஓட்ஸ்தான் என் தேர்வு. ஆகஸ்ட் கடைசியில் விதைத்தால் அக்டோபரில் வெள்ளைவால் மான் விரும்பும் இளந்தளிராக நிற்கும், ஆனால் கடும் உறைபனியில் கருகிவிடும், அதனால் கூடவே குளிர்கால ரை என்ற தானியப் பயிரையும் கலந்து தூவுங்கள், அது பனிக்கடியிலும் பச்சையாக இருக்கும். துப்பாக்கி வேட்டைக்கு டர்னிப் என்ற கிழங்குப் பயிர். அதை ஜூலை கடைசியிலேயே விதைத்துவிட வேண்டும். முதலில் மான்கள் அதைப் பெரும்பாலும் முகர்ந்துவிட்டுப் போய்விடும். இரண்டு மூன்று உறைபனி விழுந்து இலையில் இனிப்பு ஏறியதும் விடாது, கிழங்கு வரை தோண்டித் தின்னும், பல் பதிந்த பாதிக் கிழங்குகள் மண்ணில் கிடக்கும்.

அப்புறம், விதை வாங்கும் முன் மண்ணைச் சோதித்துவிடுங்கள், தயவுசெய்து! பிஎச் (மண்ணின் அமிலத்தன்மையைக் காட்டும் அளவு) 6-க்குக் கீழே என்றால், குளோவர் என்ற தீவனப் பயிரை விதைத்தாலும் சுண்ணாம்பு போடாமல் அது சரியாகத் தேறாது.